ரோஜாத் தொட்டி மண்

அன்று மாலை தியோடர் மொட்டைமாடிக்கு ஏறி டிரம்மின் மூடியைத் திறந்தபோது அதன் அடி தெரிந்தது. ஐரின் அந்த டிரம்மை வாங்கி நிரப்பிய நாளிலிருந்து அடி தெரிந்ததே இல்லை. கடுந்தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய தண்ணீர் லேசாகக் கலங்கிய குழாய்த் தண்ணீராக இருந்தது. உள்சுவரில் விரலை வைத்துப் பார்த்தான். வழுக்கவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனான். ஆஸ்பத்திரி வாசனை.

"நாந்தான் கழுவினேன் மாப்ள."

பின்னால் டோரீன் நின்றிருந்தாள். ஐரினின் அம்மா. தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃபிலிருந்து காலை ரயிலில் பெங்களூர் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஐரினுக்கு முதலாண்டு நினைவுப் பூசை.

"தேங்கா நாரு போட்டுத் தேச்சுத் தேச்சு என் கையே போச்சு. என்னா வழவழப்பு! ப்ளீச்சிங் பவுடர் போட்டப்புறந்தான் அடங்குச்சு."

"குழாய்ங்களயும் கழுவினீங்களா?"

"பின்ன? பம்ப போட்டு அந்தத் தண்ணியவே எல்லாக் குழாய்லயும் ஓடவுட்டேன். பூச முடிஞ்சு ஃபாதர் வீட்டுக்கு வருவாரு. மாடில மீன் கவுச்சி அடிச்சா நல்லாவா இருக்கும்? பயப்படாதீங்க, செடிங்கள எடுத்து பக்கெட்டுல வெச்சிட்டுத்தான் கழுவினேன். திரும்ப எல்லாத்தையும் எடத்துல வெச்சாச்சு. நீங்க ஊத்துற அந்த மீன் தண்ணியும் ஒரு மக்கு ஊத்திட்டேன்."

"சரி அத்தை," என்றான் தியோடர். மூடியைப் போட்டான்.

இந்த ஒரு வருஷத்தில் அவன் அதிகம் சொன்ன சொல் அதுதான். கம்பெனியில் மேலாளர் விடுப்பு எடுத்துக்கொள் என்றபோது சரி என்றான். போதும், திரும்பி வா என்றபோதும் சரி. வேறு கல்யாணம் பற்றிப் பேசிய சித்திக்குக்கூட ஒரு சரி சொல்லி போனை வைத்திருக்கிறான்.

ஐரின் ஒரு பி.யு. கல்லூரியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தாள். அடுகோடியில் வாடகைக்கு வந்த புதிதில், வீட்டுக்கு மேலேயே மாடி காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அங்கே மண்ணில்லாமல் கீரை வளர்க்கப் போவதாகச் சொன்னாள். சொன்னதைச் செய்தாள். நான்கங்குல பிவிசி குழாய்களை வரிசையாகப் படுக்கவைத்து, வட்டவட்டமாகத் துளை போட்டு, துளைக்கொரு சிறு கூடை. கூடைக்குள் தேங்காய் நார், அதில் நாற்று. கீழே டிரம், டிரம்முக்குள் பம்பு. தண்ணீர் வேர்களை நனைத்துக்கொண்டு போய் மறுபடி டிரம்மில் விழும்.

இது வரைக்கும் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் கடையில் உரக் கரைசல் வாங்கி ஊற்றுவார்கள். அதோடு வேலை முடிந்தது. ஐரினுக்கு அது பிடிக்கவில்லை. மீன் கடையில் ஒதுக்கிப் போடும் தலையையும் குடலையும் கேட்டு வாங்கிவந்து வெல்லம் சேர்த்து ஒரு வாளியில் மூடிவைப்பாள். சில வாரங்களில் எல்லாம் கரைந்து பழுப்புச் சாறாகும். அதில் வாரத்துக்கு ஒரு மக்கு டிரம்முக்குப் போகும். ஆனால் மீன் சாற்றைச் செடி நேராக உண்ணாது. அதை உடைத்துச் செடிக்கு ஆகும்படி மாற்றித் தர நுண்ணுயிர்கள் வேண்டும். மண்ணில் அவை கணக்கில்லாமல் கிடக்கும். தண்ணீரில் நாம்தான் குடிவைக்க வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்பாள். டிரம்மின் உள்சுவரில், குழாய்களின் அடியில், வேர்களைச் சுற்றிப் படிந்திருந்த வழவழப்பு அதுதான். காவேரித் தண்ணீரில் கலந்து வரும் குளோரினுக்கே ஐரின் பயப்படுவாள். பிடித்த தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, வாடை போன பிறகே டிரம்மில் சேர்ப்பாள்.

போன ஆகஸ்டில் அவளுக்கு டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட இல்லை.

அதன் பிறகு அவள் நட்ட கீரைகள் முற்றி, பிடுங்கப்பட்டு, வேறு கீரைகள் வந்தன. அவள் வாங்கிவைத்த விதை தீர்ந்து அவன் வேறு வாங்கினான். பம்பு ஒரு தடவை மாறியது. டிரம்முக்குள் அவள் குடிவைத்தது மட்டும் அப்படியே இருந்தது, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வாரம் ஒரு மக்கு ஊற்றினான். அவள் செய்தபடியே தண்ணீரைத் திறந்து வைத்துச் சேர்த்தான். அந்த வீட்டில் அவள் தொடங்கி இன்னும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது அதுவும் இல்லை.

கீழே இறங்கி வந்து டோரீன் வைத்த ரசத்தைச் சாப்பிட்டான். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

பூசையன்று மதியம் மாடியில் சாமியானா போட்டுச் சாப்பாடு. வீட்டு உரிமையாளர் சந்தானம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். தாத்தா காலத்திலேயே திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றாகவே புரளும்.

"ஏன் தியோ, மேல மீனுங்களுக்கு லீவா? ரெண்டு நாளா வாசனையே காணோம்."

"கழுவியாச்சு அண்ணே."

"யாரு, மாமியாரா? ஒள்ளே கெலசா, நல்ல வேல! நான் இத்தினி நாளா சொல்லி நடக்கல. ஐரினம்மா இருந்திருந்தா என்ன மாடிப்படிலயே நிறுத்தி பாக்டீரியா பத்தி பாடம் எடுத்திருக்கும். ஒரு தரம் சும்னே கேட்டேன், தண்ணி ஏம்மா இப்டி கருப்பா இருக்குன்னு. காஃபி ஆறிப் போச்சு, அது நிறுத்தல." சிரித்துக்கொண்டே வந்தவர், என்ன நாள் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை விட்டுவிட்டு அப்பளத்தை உடைத்தார்.

எதிர்வரிசையில் டோரீனின் தம்பி கிளெமென்ட் இருந்தார். குழாய்களை ஒரு பார்வை பார்த்தார். "இப்பத்தான் சுத்தமா இருக்கு. இத போன வருஷமே செஞ்சிருந்தா..."

"வாய மூடிட்டு சாப்புடு," என்றாள் டோரீன்.

அவர் சாப்பிட்டார். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் இவர் யாரிடமோ சொன்னது தியோடரின் காதில் விழுந்திருந்தது. மாடியில தண்ணிய தேக்கி கொசு வளத்தா, வேற என்ன ஆவும்? அன்று அவன் கேட்காததுபோல் நடந்தான். இன்றும் கேட்காததுபோல், மோர் ஊற்றிக்கொண்டான்.

டோரீன் ஊருக்குப் போன மறுவாரம் பாலக்கின் அடி இலைகள் மஞ்சளாயின. அடுத்து லெட்யூஸ். வெள்ளையாக இருந்த வேர்களின் நுனி பழுப்பேறி, தொட்டால் கையோடு வந்தது. மீன் கவுச்சி திரும்பி வந்திருந்தது, ஆனால் இது பழைய கவுச்சி இல்லை. கண்ணைக் கரிக்கும் வாடை. உடைக்க ஆளில்லாமல் டிரம்மில் சாறு அழுகிக்கொண்டிருந்தது. ஐரின் வாங்கிவைத்த சோதனைத் தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். செடிக்கான உணவு தண்ணீரில் இருந்தால் தாள் ரோஸ் நிறமாகும். வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றை முக்கினான். அதுவும் வெள்ளை.

தியோடருக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. எங்கே பிசகியது என்று கண்டுபிடித்து, யார் செய்தது என்று சொல்லாமல், என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதித் தர வேண்டும். அதில் அவன் கெட்டிக்காரன். இங்கே என்ன நடந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

நாற்றுக்கூடை வாங்கும் கடைக்குப் போனான். கடைக்காரன் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சார், எதுக்கு சார் இந்த ஆர்கானிக் ரோதன? உரக் கரைசல் இருக்கு, ஏ ஒரு பாட்டில், பி ஒரு பாட்டில். ரெண்டும் ஊத்துங்க, ஒரே வாரத்துல செடி பச்சயா நிக்கும். உங்களுக்கு கீரதான வேணும்?"

அவன் யோசித்தான். கீரை அவனுக்கு வேண்டியதில்லை. ஒரு வருஷமாக அறுத்ததில் பாதியைச் சந்தானத்தின் வீட்டுக்கும் மீதியைக் கீழே இஸ்திரி போடுபவருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பாட்டிலை வாங்காமல் வெளியே வந்தான்.

விட்டுவிடலாம் என்றும் நினைத்தான். குழாய்களைக் கழற்றி மூலையில் சாத்தினால் மாடி துணி காயப்போட உதவும். நாலு பேர் சொல்வதுபோல் அது நல்லதாகக்கூட இருக்கலாம். அப்படி நினைத்த இரவு தூங்கினான். காலையில் எழுந்து பழக்கத்தில் மேலே போய், ஊற்றிப் பயனில்லை என்பது நினைவுக்கு வந்து, கையில் மக்கோடு நின்றான்.

தொடக்கம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐரின் கே.ஜி.எஃப். போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையிலிருந்து ஒரு பொட்டலம் மண்ணை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தியோ, உன் சாக்ஸ் ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"மண்ணக் கட்டி டிரம்ல தொங்கவுடணும். மம்மியோட ரோஜா தொட்டி மண்ணு. இதுல இருக்கறதெல்லாம் எமகாதகப் பசங்க. அவங்க கழனித் தண்ணி, மீன் கழுவின தண்ணி எல்லாத்தையும் ஊத்தி ஊத்தி வளத்தது. லேசுல சாவாதுங்க."

"பழைய சாக்ஸ் தரேன்."

"ஓட்ட இல்லாதது. மண்ணு வெளிய வந்துடும்."

"நல்ல சாக்ஸ குடுத்தா அதோட ஜோடி என்ன பண்ணும்?"

"ரெஸ்ட் எடுக்கட்டும்."

எந்த மண்ணும் போதும். அது அவனுக்குத் தெரியும். ஒரு பிடி நல்ல மண், காற்றுக்குமிழி விடும் சிறு மோட்டார், கொஞ்சம் பொறுமை. உலகத்தில் எங்கேயும் அவற்றைக் குடிவைத்துவிடலாம். கேட்டருகே சந்தானத்தின் செம்பருத்தித் தொட்டி இருந்தது. ஒரு மாலை அதன் முன் குனிந்தான், விரலை மண்ணில் வைத்தான். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டான்.

ரோஜாத் தொட்டி மண் வேண்டுமென்றால் டோரீனிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பாள். அதற்கு உண்மையான பதில், உங்கள் மகள் விட்டுப்போனதை நீங்கள் கொன்றுவிட்டீர்கள் என்பது. பெண்ணைப் புதைத்தவளிடம் சொல்கிற பேச்சா அது? ஆகவே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டான். மாடியில் புதிதாக ரோஜா வைக்கப் போகிறேன். ரயிலில் போகும்போது இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். நம்பும்படியாகத்தான் இருந்தது.

டோரீனின் வீடு சுரங்கக் காலனியின் பழைய லைன் வீடுகளில் ஒன்று. சுரங்கம் மூடிய பிறகும் அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். வாசலில் பெயின்ட் வாளிகளில் ரோஜாக்கள். ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் மட்டும், ஆள் உயரத்துக்கு, கருஞ்சிவப்பாகப் பூக்கிற பெரிய செடி.

"வாங்க மாப்ள! ஒரு போன் பண்ணக் கூடாதா? கறியாவது எடுத்திருப்பேன்."

"சும்மாதான் அத்தை வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீங்க?"

தேநீர் கொடுத்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து குடித்தான். ரோஜா நன்றாகப் பூத்திருக்கிறது என்றான். ஆமாம் என்றாள். பொய்யை எடுத்துவிட்டான்.

டோரீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோஜா வெக்கப் போறீங்க."

"ஆமா."

"அதுக்கு மண்ணு எடுக்க பெங்களூர்லேர்ந்து ரயிலேறி வந்திருக்கீங்க. ஏன், அங்க மண்ணே இல்லயா?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"டிரம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"செடி கொஞ்சம் மஞ்சளா..."

"செத்துப் போச்சா?"

"செடி பரவால்ல அத்தை. தண்ணிதான்."

தண்ணீர் சாகுமா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். கேட்டால் விளக்கலாம். சுலபமாக, யார் மேலும் பழி விழாமல். டோரீன் கேட்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், ஏற்கெனவே உலர்ந்திருந்த கையை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது பாசி இல்லன்னு தெரியும். போன் பண்ணா பாதி நேரம் அந்தக் கதையத்தான பேசுவா? மம்மி, யாராவது என் டிரம்ம கழுவினா கொன்னே போட்டுடுவேன், அதுதான் என் சொத்துன்னு. எனக்குத் தெரியாதா?" மூச்சை இழுத்து விட்டாள். "கவுச்சிக்காக கழுவல மாப்ள. ஃபாதருக்காகவும் கழுவல."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது திருப்பத்தில் மறையும்வரை அவள் காத்திருந்தாள்.

"அந்தத் தண்ணிதான எம்புள்ளய கொண்டுபோச்சு? கிளெமென்ட் அன்னிக்கே சொன்னான். பூசைக்கு வந்தப்ப மேல போய் மூடியத் தொறந்து பாத்தேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி சலசலன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அவ போய்ட்டா, இது மட்டும் இருக்குது. ப்ளீச்சிங் பவுடர் ஒரு கரண்டி போட்டேன். பத்தலன்னு இன்னொரு கரண்டி போட்டேன்."

தியோடர் தனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தான். சட்டைப் பையில் சாவியைத் தேடுவதுபோல. அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு தகவல். அது இத்தனை நாளும் அங்கேயேதான் கிடந்தது.

"அத்தை, அடக்கம் முடிஞ்ச வாரம் கார்ப்பரேஷன்லேர்ந்து ரெண்டு லேடீஸ் வந்தாங்க. மாடிக்குப் போய் டிரம்ம தொறந்து, டார்ச் அடிச்சு, கரண்டில மொண்டு மொண்டு பாத்தாங்க. ஒரு புழுகூட இல்ல. எப்பவும் மூடி இருக்கும், தண்ணி திரும்பி விழற எடத்துல ஐரின் வல கட்டியிருந்தா. ஓடுற தண்ணில கொசு முட்ட வெக்காது. அவங்க தெரு முழுக்க தேடினாங்க. பின் தெருவுல புதுசா கட்டிக்கிட்டிருந்த பில்டிங்ல, லிஃப்டுக்கு தோண்டின குழில தண்ணி நின்னுருந்துச்சு. அதுல நெறைய இருந்துச்சு."

"லிஃப்டு குழியா?"

"ஆமா. எங்க தெருவுல இன்னும் மூணு வீட்ல அந்த மாசம் ஜுரம்."

டோரீன் அவன் வைத்த தம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு, குரல் உயர்த்தாமல்: "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

சொன்ன பிறகு அது எப்படி ஒலித்தது என்று அவனுக்கே கேட்டது. அவள் கேட்கவில்லை என்பது நிஜம். இவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதும் நிஜம். "சொல்லியிருக்கணும்," என்று சேர்த்தான்.

"ஒரு வருஷமா அவ மேல கோவமா இருந்தேன்," என்றாள் டோரீன். "செத்தவ மேல. தானே போய் வாங்கிக்கிட்டாளே, சொன்னா கேக்கவே மாட்டாளேன்னு. பூசைல முட்டி போட்டுக்கிட்டு அவளத் திட்டிக்கிட்டிருந்தேன் மாப்ள. ஃபாதர் அவளுக்கு நித்திய இளைப்பாற்றி குடும் ஆண்டவரேங்கறாரு, நான் உள்ளுக்குள்ள திட்டறேன்."

அவனுக்குச் சரி என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு குழிக்கரண்டியோடு வந்து சிமெண்ட் தொட்டியின் முன் உட்கார்ந்தாள். மேலாக இருந்த சருகை ஒதுக்கிவிட்டு, வேர் ஓடும் இடத்தில், வேரை அறுக்காமல் கிளறினாள். மண் கறுப்பாக, ஈரமாக வந்தது. அதில் ஒரு மீன் செதில் மின்னியது.

"எதுல கட்டுவீங்க? கவர் கொண்டாரவா?"

அவன் பையிலிருந்து சாக்ஸை எடுத்தான். சாம்பல் நிறம், ஒற்றை. டோரீன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயா?"

"இதோட ஜோடிலதான் மொதல்ல கட்டினா."

டோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாக, அடக்கப் பார்த்தும் அடங்காமல். "தொவச்சதா?"

"அப்புறம் போடவே இல்ல."

அவளே மண்ணை அள்ளிப் போட்டு, கழுத்தை முறுக்கி, முடிச்சு போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் முட்டைக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டபடியே அவளிடம் சோதனைத் தாள் பற்றிச் சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பினான். சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டான். எதிரில் இருந்தவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரம்மைக் காலி செய்தான். காவேரித் தண்ணீர் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தான். கொசு வராமல் வாய்க்கு வலை கட்டினான். பிறகு சாக்ஸைத் தொங்கவிட்டு, காற்று மோட்டாரைப் போட்டு, மீன் சாறு ஒரே ஒரு கரண்டி விட்டான். மக்கு அளவுக்கு இப்போது அவை தாங்காது. லெட்யூஸ் முழுக்கப் போயிற்று. பாலக்கையும் பிடுங்கிப் போட்டான். புதினா மட்டும் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. இருக்கட்டும் என்று விட்டான்.

சந்தானம் மாடிக்கு வந்து மூக்கை உறிஞ்சினார். "ஏன் தியோ, மறுபடியும் ஆரம்பமா?"

"ஆரம்பந்தான் அண்ணே."

"மாடிப்படிலயே நிறுத்தி பாடம் எடுக்க ஆளு இல்ல, அதான் பேஜாரு," என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். தியோடர் மூடியைத் திறந்து சாக்ஸைக் காட்டி, அது என்ன என்று சொன்னான். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமானது. சந்தானம் நடுவில் நழுவவில்லை.

தாள் பல நாட்கள் வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு காலையும் முக்கினான், பார்த்தான், எறிந்தான். அவசரப்படவில்லை. பிறகொரு காலை, மேகமூட்டமாக இருந்தபோது, தாளில் ஏதோ தெரிந்தது போலிருந்தது. வெளிச்சத்துக்காகக் கைப்பிடிச் சுவருக்குக் கொண்டுபோனான். மறுபடி முக்கினான். அதே நிறம்.

டோரீனுக்கு போன் செய்தான். இந்த ஒரு வருஷத்தில் அவனாக அவளுக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன மாப்ள, என்ன ஆச்சு?"

"ரோஸ் ஆயிடுச்சு அத்தை."

"எவ்ளோ ரோஸ்?"

தாளைத் திருப்பிப் பார்த்தான். "உங்க ரோஜா அளவுக்கு இல்ல. பஞ்சு மிட்டாய்ல தண்ணி ஊத்தின மாதிரி."

டோரீன் வீட்டில்தான் இருந்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை.

"மூடி போட்டீங்களா?" என்றாள்.

"போட்டிருக்கேன் அத்தை. வலையும் கட்டியிருக்கேன்."

"இன்னொரு தரம் பாருங்க," என்றாள் டோரீன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே டிரம்மிடம் நடந்துபோய் மூடியைப் பார்த்தான்.